கண்ணாடிக்கு ஈடு உண்டு, கைக்கு?

தமிழ்நாட்டு மருத்துவர், செவிலியர், மருத்துவமனைப் பணியாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு,

2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டியில், கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் பணியிலிருந்த புற்றுநோய் மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். குத்தியவர் அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணின் மகன். அதற்கு மூன்று மாதம் முன்பு கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். அதற்கும் முந்தைய ஆண்டு, 2023 மே 10 அன்று, கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில் ஒரு பயிற்சி மருத்துவர் குத்திக் கொல்லப்பட்டார். ஒவ்வொரு முறையும் மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. ஆனால் அப்போதெல்லாம் எழுந்த கோரிக்கைகளை எடுத்துவைத்துப் பார்த்தால், பெரும்பாலானவை இரண்டே இரண்டில் அடங்கிவிடுகின்றன: காவலைப் பெருக்கு, தண்டனையைக் கூட்டு. அடிபட்டவருக்கு அடுத்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும், விரல் மடங்காமல் போனால் அவர் வேலை என்னவாகும், இரவு டியூட்டி என்றாலே உடம்பு நடுங்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டால் யார் வைத்தியம் பார்ப்பது என்பவை, பட்டியலில் இருந்தாலும் கடைசி வரிக்குப் போய்விடுகின்றன. அந்தக் கடைசி வரியை முதல் வரியாக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல். தாக்கியவர் யார், பிடிபட்டாரா, தண்டனை பெற்றாரா என்று எதற்கும் காத்திராமல், பணியில் தாக்கப்பட்டார் என்ற ஒன்றையே போதுமான காரணமாகக் கொண்டு கொடுக்கப்படும் இழப்பீடு வேண்டும். எந்தத் தண்டனைச் சட்டத்தாலும் அதைத் தர முடியாது.

தண்டனைச் சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. மருத்துவச் சேவையில் இருப்பவர்கள் மீதான வன்முறையையும் மருத்துவமனைச் சொத்துச் சேதத்தையும் தடுக்கத் தமிழ்நாடு 2008-லேயே தனிச் சட்டம் இயற்றியது. மூன்று ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனை அதில் இருக்கிறது. கிண்டிச் சம்பவம் நடந்தபோது அந்தச் சட்டத்துக்கு வயது பதினாறு. ஆர்.ஜி. கர் விவகாரத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக்குழு, மாநிலச் சட்டங்களும் பாரதிய நியாய சன்ஹிதாவும் இருக்கையில் தனியாக மத்தியச் சட்டம் தேவையில்லை என்று சொன்னபோது உங்களில் பலருக்குக் கோபம் வந்தது. குழு சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது: தண்டனைக்குச் சட்டம் பற்றாக்குறை இல்லை. பற்றாக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. இதே வகையில் பல மாநிலங்கள் இயற்றிய சட்டங்களின் தலைப்பைப் படியுங்கள். வன்முறைக்குப் பக்கத்திலேயே சொத்துச் சேதமும் நிற்கும். மகாராஷ்டிரத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, உடைந்த மருத்துவக் கருவிக்கு அதை வாங்கிய விலையைப்போல் இரண்டு மடங்கைக் குற்றவாளி கட்ட வேண்டும். ஸ்கேன் கருவிக்கும் வரவேற்பறைக் கண்ணாடிக்கும் கணக்குப் போடத் தெரிந்த சட்டத்துக்கு, அந்தக் கண்ணாடிச் சில்லு கிழித்த ஆயாவின் கைக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை. 2019-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வரைவு மசோதா மட்டும் உடற்காயத்துக்கு ஒரு லட்சம், கொடுங்காயத்துக்கு ஐந்து லட்சம் என்று எழுதிப் பார்த்தது. அது நாடாளுமன்றத்தை எட்டவே இல்லை. எட்டியிருந்தாலும் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டியவர் தண்டனை பெற்ற குற்றவாளிதான். 2020-இல் கொள்ளைநோய்ச் சட்டத்தில் கொரோனாவுக்காகச் செய்த திருத்தமும் அப்படியே: தண்டனை உறுதியானால், தண்டிக்கப்பட்டவர் கொடுக்க வேண்டும்.

இந்த நிபந்தனையின் எடையைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்க வேண்டும். தண்டனை உறுதியாக வேண்டுமென்றால் முதலில் முதல் தகவல் அறிக்கை வேண்டும். காவல் நிலையத்தில் பல நேரங்களில் கிடைப்பது புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே. அதற்குள் உள்ளூர்ப் பெரிய மனிதர் யாராவது ராஜி பேச வந்துவிடுவார். வழக்குப் பதிவானாலும் குற்றப்பத்திரிகை, வாய்தா, சாட்சி, மேல்முறையீடு என்று வருடங்கள் ஓடும். அத்தனையும் முடிந்து தண்டனை வந்தாலும், தினக்கூலிக்குப் போகிற ஒருவரிடம் ஐந்து லட்சம் எங்கே இருக்கும்? அடிபட்டவரின் அடுத்த மாத வாடகையை, அடித்தவரின் சொத்து மதிப்போடு முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறோம். குற்றவாளி அடையாளம் தெரியாமல் போனாலும் பாதிக்கப்பட்டவர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கேட்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2009-இல் ஒரு வழி திறந்தார்கள்; இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 396ஆம் பிரிவு அதுதான். நல்ல வழி. ஆனால் எல்லாக் குற்றங்களிலும் பாதிக்கப்பட்ட எல்லாருக்குமான பொது வழி அது. அங்கே ஒரு தொழிலாளி தன் வேலையின் உரிமையாக எதையும் கேட்பதில்லை. நிவாரணம் கோரும் மனுதாரராகத்தான் நிற்கிறார்.

இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. பராமரிப்பு வேலையில் நடக்கும் வன்முறையில் கணிசமான பகுதிக்குக் குற்றவாளி என்று ஒருவரே கிடையாது. ஆண்கள் பொது வார்டில் இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் குடித்துப் பழகியவர், கால் எலும்பு முறிந்து சேர்க்கப்பட்டு மூன்றாம் நாள். சாராயம் நின்றதால் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, சுவரில் ஏதோ ஊர்வதாகக் கத்துகிறார், சலைன் ஊசியைப் பிடுங்கி எறிகிறார். வார்டில் இருப்பது ஒரே ஒரு சிஸ்டர், ஓர் ஆயா. மருத்துவர் போனில் சொன்ன லோராசெபாம் ஊசியைப் போட சிஸ்டர் குனிகிறபோது உதை தாடையில் விழுகிறது. ஆயாவின் மணிக்கட்டு கட்டில் கம்பியில் மோதி முறிகிறது. விடிந்தால் அந்த மனிதருக்கு எதுவும் நினைவிருக்காது. இவர்மீது வழக்குப் போட்டு யாருக்கு என்ன பயன்? புத்தி பேதலித்த நிலையில் செய்த செயல் குற்றமாகாது என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு சொல்லிவந்தது, இப்போதைய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் சொல்கிறது. குடி நிறுத்தத்தில் வரும் பிதற்றல் அதில் அடங்குமா என்று வக்கீல்கள் வாதிடட்டும். மனச்சிதைவு நோயாளியும், மகளையே யாரென்று கேட்கும் மறதிநோய் முதியவரும் அடிக்கும்போது வாதத்துக்கே இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் எப்போதாவது உடல்ரீதியான வன்முறைக்கு ஆளாகிறார்கள். கத்தியோடு வருகிறவர் செய்தியாகிறார். ஊசி போடும்போது உதைக்கிறவர் செய்தியாவதில்லை. வேலையின் ஒரு பகுதி என்று சொல்லி அதைத் துடைத்துவிட்டுப் போகிறோம். குற்றத்தோடு இழப்பீட்டைக் கட்டிப்போடும் எந்தச் சட்டமும் இந்த ஆயாவின் மணிக்கட்டைத் தொடவே தொடாது. அதைவிட மோசம், இழப்பீடு வேண்டுமானால் தன் நோயாளியையே குற்றவாளியாக்கு என்று அது அவரிடம் சொல்கிறது. நல்ல செவிலியர் அதைச் செய்ய மாட்டார். நாம் தண்டிப்பது அந்த நல்ல குணத்தைத்தான்.

வேண்டுமென்றே ஒருவர் அடித்ததைப் பணியிட விபத்தாகக் கொள்ள முடியுமா என்று நிர்வாகத் தரப்பு கேட்கும். நூறாண்டுக்கு முன்பே பதில் சொல்லப்பட்ட கேள்வி இது. அயர்லாந்தின் டிரிம் என்ற ஊரில் தொழிற்பள்ளி ஒன்றின் உதவி ஆசிரியரை, அவர் பொறுப்பில் இருந்த பையன்களே திட்டமிட்டுக் கொன்றார்கள். அவருடைய வருமானத்தை நம்பியிருந்த தாய் இழப்பீடு கேட்டார். பள்ளி நிர்வாகம், இது கொலை, விபத்தல்ல என்றது. 1914-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. அடித்தவருக்கு அது திட்டமாக இருந்திருக்கலாம். அடிபட்டவருக்கு அது எதிர்பாராமல் வந்தது, அந்த வேலையில் இருந்ததால் வந்தது. நம் உச்ச நீதிமன்றமும் 2000-இல் இதே வழியில் நடந்தது. திமாப்பூரில் பயணிகள்போல் ஏறியவர்கள் ஓர் ஆட்டோ ஓட்டுநரைக் கொன்றுவிட்டு ஆட்டோவைக் கடத்திய வழக்கில், ரீட்டா தேவி வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பு, டிரிம் வழக்கையும் எடுத்துக்காட்டி, மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு என்றது. ஆட்டோவைப் பறிப்பதுதான் கொன்றவர்களின் நோக்கம், ஓட்டுநரின் சாவு அதன் வழியில் நேர்ந்தது என்பது அந்தத் தீர்ப்பின் தர்க்கம். ஆக, சட்டத்தின் கதவு மூடியிருக்கவில்லை. வாசல்தோறும் ஒவ்வொரு தொழிலாளியும் தனித்தனியாக வக்கீல் வைத்து வழக்காடித்தான் நுழைய முடியும் என்பதுதான் குறை.

உள்ளே நுழைந்தாலும் கிடைப்பது என்ன என்று பாருங்கள். நிரந்தர அரசு ஊழியருக்கு ஏற்பாடு இருக்கிறது, அதுவும் பழைய ஏற்பாடு. 1922 முதல் நடைமுறையில் இருக்கும் அடிப்படை விதிகளின் 83ஆம் விதி, கடமையைச் செய்ததற்காக ஒருவர் வேண்டுமென்றே தாக்கப்பட்டு முடங்கினால் சிறப்பு இயலாமை விடுப்பு தருகிறது, 24 மாதம் வரை. வெள்ளைக்கார அதிகாரிகள் தங்களுக்கு எது நேரலாம் என்று நன்றாகவே யோசித்து எழுதியிருக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ளவருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு: தற்காலிக இயலாமைக்குச் சராசரிக் கூலியில் சுமார் 90 விழுக்காடு, கூடவே சிகிச்சை. ஆனால் 2017 முதல் மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் ஈஎஸ்ஐக்குள் சேர முடியாது. தாண்டியவருக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் கதியாக இருந்தது. அது பொருந்தவும் இரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்ட வேலைவகை ஒன்றுக்குள் அவர் அடங்க வேண்டியிருந்தது. அடங்குகிறாரா என்பதே முதல் சண்டை. சண்டையில் ஜெயித்தாலும் தற்காலிக இயலாமைக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு. அந்தக் கணக்குக்கும் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருப்பதாகக் கொள்ளக் கூடாது என்பது 2020 ஜனவரி அறிவிக்கை. இப்படியாக, 20,000 வாங்கும் செவிலியர் கை முறிந்து வீட்டிலிருந்தால் மாதம் சுமார் 18,000 வருகிறது. பக்கத்து வார்டில் 25,000 வாங்கும் அவருடைய சீனியருக்கு 7,500. ஈஎஸ்ஐ சட்டமும் இந்த 1923 சட்டமும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் அத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்து என்ற பழைய அடிப்படை அப்படியே தொடர்கிறது.

இந்த ஒட்டுத்தையலில் எங்கும் சேராமல் தொங்குகிறவர்கள்தான் அடி வாங்க அதிக வாய்ப்புள்ளவர்கள். அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் இருக்கும் செவிலியர். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக அவர்கள் வந்தபோது மாதம் 7,700 ரூபாய். தனியார் ஏஜென்சி வழியாக வரும் தூய்மைப் பணியாளர், வார்டு உதவியாளர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி. விபத்து நடந்த இடத்தில் கூட்டத்தின் கோபத்தை முதலில் வாங்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகத் தனியாகப் போகும் பெண் தன்னார்வலர். அவர் வாங்குவது ஊக்கத்தொகை, அதனால் தொழிலாளியே இல்லை என்று வாதிடலாம். வீட்டோடு தங்கி முதியவரைப் பார்த்துக்கொள்ளும் அட்டெண்டருக்கு முதலாளி யார் என்பதே தெளிவில்லை: அனுப்பிய ஏஜென்சியா, சம்பளம் கொடுக்கும் மகனா? கேரளம் 2023-இல் தன் சட்டத்தைத் திருத்தியபோது பாதுகாவலர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உதவியாளர், துணை மருத்துவ மாணவர் எல்லாரையும் பெயர் சொல்லி உள்ளே கொண்டுவந்தது. தண்டனைக்காகச் செய்த விரிவாக்கம்தான். இழப்பீட்டுக்கும் அளவுகோலாக அதையே எடுத்துக்கொள்ளலாம்.

சக ஊழியர்களின் நல்ல மனசை நம்பி விட்டுவிடலாமே என்று தோன்றினால், மும்பை கே.இ.எம். மருத்துவமனையை நினைத்துக்கொள்ளுங்கள். 1973 நவம்பரில் பணிமுடிந்து உடைமாற்றப் போன செவிலியர் அங்கே துப்புரவு ஊழியர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். நினைவு திரும்பாமலே 2015 மே வரை அதே மருத்துவமனையில் கிடந்தார். தாக்கியவர் சில ஆண்டு சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்தார். படுக்கை வேண்டும் என்று மாநகராட்சி அந்தச் செவிலியரை அப்புறப்படுத்தப் பார்த்தபோது, சக செவிலியர்கள் போராடித் தடுத்தார்கள். ஏறத்தாழ 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, படுக்கைப்புண் வராமல் அவரைப் பார்த்துக்கொண்டார்கள். உலகில் எந்தத் தொழிற்சங்கத்துக்கும் பெருமை சேர்க்கும் செயல் அது. ஆனால் பணியிடத்திலேயே தாக்கப்பட்ட ஓர் ஊழியருக்கு அந்தப் படுக்கை உரிமையாக இருந்திருக்க வேண்டும். போராடிக் காப்பாற்ற வேண்டிய சலுகையாகத்தான் அது இருந்தது.

நான் கேட்கச் சொல்வது இதைத்தான். மாநில அரசு ஒரு பொது நிதியை உருவாக்க வேண்டும். அரசு மருத்துவமனைக்காக அரசும், தனியார் மருத்துவமனைகள் தங்கள் ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்பவும், ஏஜென்சிகள் ஆள் அனுப்பும் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்றும் அதில் கட்ட வேண்டும். பணியிலோ பணி காரணமாகவோ தாக்கப்பட்டவருக்குச் சிகிச்சைச் செலவு முழுதும், வேலைக்குத் திரும்பும்வரை, இரண்டு ஆண்டு உச்சவரம்போடு, முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டும். இந்தக் காலவரம்பு, விதி 83 நிரந்தர ஊழியருக்கு ஒப்புக்கொண்ட அதே 24 மாதம்தான். அதை எல்லாருக்கும் கேட்கிறோம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் பணியால் காயம்பட்டவரின் வருமானம் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஓராண்டு வரை ஈடுகட்டப்படுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், அரசு மனநல மருத்துவமனை போன்ற நிறுவனங்களில் தாக்கப்பட்ட ஊழியருக்கு வழக்கமான இழப்பீட்டுக்கும் முழுச் சம்பளத்துக்கும் இடையிலான பள்ளத்தை 365 நாள் வரை நிரப்புகிறது. நம் ஊரிலும் முன்மாதிரி உண்டு. 2020 மார்ச்சில் ஒன்றிய அரசு கொரோனாப் பணியில் இருந்தவர்களுக்கு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவித்தபோது வார்டு பாய், ஆஷா, துப்புரவுப் பணியாளர் எல்லாரையும் சேர்த்துக்கொண்டது; பிரீமியத்தை அரசே கட்டியது. பணியில் செத்தாரா என்று பார்த்தார்களே தவிர, யார்மீது குற்றம் என்று கேட்கவில்லை.

மனக்காயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டத்தின் கண்ணில் அது படுவதே இல்லை. 1923 சட்டத்தின் முதல் அட்டவணை உடம்பைக் கூறுகூறாக விலை பேசியது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு. கழுத்தை நெரிக்கப்பட்டவர் அதற்குப் பிறகு தனியாக வார்டுக்குள் நுழைய முடியாமல் வேலையை விட்டால் அதற்கு எண் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் வன்முறைக்கெதிரான 190ஆம் உடன்படிக்கையோடு வெளியிட்ட 206ஆம் பரிந்துரை, உளவியல் பாதிப்பால் வேலை செய்ய முடியாமல் போனவருக்கும் இழப்பீட்டு வழி வேண்டும் என்கிறது. வன்முறைக்கு ஆளாக வாய்ப்பு அதிகமுள்ள துறைகளில் ஒன்றாக மருத்துவத்தையும் அது பெயர் குறித்தே சொல்கிறது. உடன்படிக்கையை இந்தியா ஏற்காததால் மாநிலம் தன் நிதியில் இதைச் சேர்க்கக் கூடாது என்றில்லை.

எதிர்ப்புகள் வரும். பணம் எங்கே என்பது முதலில் வரும். ஈஎஸ்ஐயில் முதலாளி கட்டுவது சம்பளத்தில் 3.25 விழுக்காடு, நோய், பேறுகாலம், பணிக்காயம், குடும்பத்துக்கு மருத்துவம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. வன்முறைக் காயம் ஒன்றுக்கு மட்டும் எவ்வளவு சிறிய பங்கு தேவைப்படும் என்று நிதித்துறையே கணக்குப் போடலாம். செலவு இப்போதும் ஆகிறது. ஆயாவின் தாலிக்கொடியை அடகு வைத்து ஆகிறது என்பதால் பட்ஜெட்டில் தெரிவதில்லை. குற்றவாளி தப்பிவிடுவாரே என்பது இன்னொன்று. தப்ப மாட்டார். நிதி முதலில் கொடுத்துவிட்டு, தண்டனை உறுதியானால் கொடுத்ததை அவரிடமிருந்து வசூலிக்கும் உரிமையை வைத்துக்கொள்ளலாம். அடிபட்டவர் அந்த வசூலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாதபோதும், 2022 ஏப்ரல் முதல் சாவுக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்துக்கு ஐம்பதாயிரமும் கொடுக்கிறோம். சாலைக்கு ஒப்புக்கொண்டதை வார்டுக்கு மறுப்பானேன்? பொய்க் காயம் காட்டுவார்கள் என்ற சந்தேகத்துக்கு அதிகம் பேச வேண்டியதில்லை: இந்த வேலையிடத்தில்தான் காயத்தைப் பார்த்து எழுத மருத்துவர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்கிறார்.

நோயாளி தரப்பிலிருந்து வரும் எதிர்ப்பு கனமானது, அதை நீங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆறு மணி நேரம் வரிசையில் நின்றவரை அதட்டி விரட்டியதால்தான் கைகலப்பு வந்தது, தவறான சிகிச்சையால்தான் பிள்ளை செத்தது என்று அவர்கள் சொல்வது சில நேரங்களில் உண்மையாகவும் இருக்கும். அப்படியிருக்க அடிபட்டவருக்குப் பணம் கொடுப்பது மருத்துவமனையின் பக்கம் தீர்ப்புச் சொல்வதாகாதா? தண்டனையில் ஆகும், இந்த முறையில் ஆகாது. யார் தொடங்கியது என்ற விசாரணைக்குள்ளேயே போகாததுதான் இதன் பலம். சிகிச்சைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, அது தன் வழியில் நடக்கட்டும். குடிபோதையில் பணியில் இருந்தவருக்கும் பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியவருக்கும் 1923 சட்டம் போட்ட விலக்கு, மரணத்துக்கும் நிரந்தர முழு இயலாமைக்கும் பொருந்தாத அதே அளவில், இங்கேயும் இருக்கலாம். அதைத் தாண்டி நடத்தைச் சான்றிதழ் கேட்கத் தேவையில்லை.

அப்படியானால் பஸ் கண்டக்டருக்கும் மின்வாரிய ஊழியருக்கும் ஏன் இல்லை என்பார்கள். அவர்களுக்கும் வேண்டும், நாளைக்கு அவர்கள் கேட்கும்போது நீங்கள் கூட நிற்க வேண்டும். ஆனால் மருத்துவமனையில் தொடங்கக் காரணம் உண்டு. தகராறு செய்யும் பயணியைக் கண்டக்டர் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடலாம். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, குற்றவாளியே ஆனாலும் உயிர் காக்கும் சிகிச்சையை எந்த மருத்துவரும் மறுக்கக் கூடாது என்பது. சரியான தீர்ப்பு. கொட்டாரக்கரையில் காவலர்கள் அழைத்துவந்து காயத்துக்குக் கட்டுப் போடச் சொன்ன மனிதர்தான் அங்கிருந்த கத்தரிக்கோலை எடுத்துப் பயிற்சி மருத்துவரைக் குத்தினார். காவலர்கள் அங்கேயே இருந்தார்கள். யார் வந்தாலும் கதவைத் திற என்று சமூகம் கட்டளையிட்டால், அந்தக் கதவைத் திறந்ததால் வந்த காயத்தின் செலவும் சமூகத்தினுடையது. போலீஸ் இருந்தும் நடக்கிறது என்றால், காவலை மட்டும் நம்பி இன்னொரு பதினாறு ஆண்டு கடத்த முடியாது என்பதும் இதிலேயே இருக்கிறது. மாறாக, எந்த மருத்துவமனையில் தாக்குதல் அதிகமோ அதன் பங்குத்தொகை கூடும் என்று விதி வைத்தால், இரவு வார்டுக்கு ஒரு சிஸ்டர் போதுமா என்ற கேள்வியை நிர்வாக அலுவலரே கேட்கத் தொடங்குவார். பத்தாண்டுச் சிறை அவரை அப்படிக் கேட்க வைக்கவில்லை, ஏனென்றால் அது அவருக்குச் செலவில்லை.

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் உங்கள் கையிலேயே இருக்கும் இரண்டு காரியங்கள் உண்டு. தெருவில் அடிபட்டு வருகிறவருக்கு கேஷுவாலிட்டியில் உடனே ஏ.ஆர். என்ற விபத்துப் பதிவு போடுகிறீர்கள். சக ஊழியர் அடிபட்டால் தையல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நோயாளி மேல் கேஸ் ஆகிவிடக் கூடாது என்ற இரக்கமும், மேலிடத்தின் முணுமுணுப்பும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம். விபத்துப் பதிவேட்டில் இல்லாத காயத்துக்கு எந்தச் சட்டத்திலும் இழப்பீடு வராது. ஒவ்வொரு காயத்துக்கும், அது ஏஜென்சியின் துப்புரவுப் பணியாளருடையதானாலும், நேரம், வார்டு, அப்போது பணியில் இருந்தவர் எண்ணிக்கை, இழந்த நாட்கள், இழந்த கூலி என்று எழுதிவையுங்கள். மற்றது, ஏஜென்சி ஒப்பந்தங்கள். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு நேர்ந்த காயத்துக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு என்பது 1923 சட்டத்தின் 12ஆம் பிரிவு முதல் இருந்துவரும் ஏற்பாடு. அடுத்த டெண்டர் வரும்போது, வன்முறைக் காயத்துக்கு முழுச் சம்பளம் என்ற நிபந்தனையை அதில் சேர்க்கச் சொல்லி நீங்கள் கேட்டால் அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. மருத்துவர் சங்கம் கேட்டால் நடக்கும். தூய்மைப் பணியாளர் தனியாகக் கேட்டால் அவருடைய டியூட்டி போய்விடும். அடுத்த பேச்சுவார்த்தைக்கு அழைக்கும்போது அந்தப் பதிவேட்டை மேசைமேல் வையுங்கள். சுகாதாரத்துறைச் செயலரோடு நிதித்துறைச் செயலரும் உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.